பார்வை வெளியே இருக்கட்டும்

முனியாண்டிக்குச் சிலை வேண்டும் என்று கோயில் கமிட்டியார் வந்தால், எத்தனை அடி, என்ன வர்ணம் என்று நான் முதலில் கேட்பதில்லை. சாமி எந்தப் பக்கம் பார்த்து நிற்கப்போகிறார், அவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்றுதான் கேட்பேன். சாலையா, செம்பனைத் தோட்டமா, ஓடையா, அடுக்குமாடி வீடுகளா? அது தெரியாமல் கண் வைக்க முடியாது. கண் சரியாக அமையாவிட்டால் கோரைப்பல்லை எவ்வளவு நீட்டினாலும் அங்கே நிற்பது வெறும் பூச்சாண்டிதான்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் சுதை வேலை பார்க்கிறேன். காப்பார், மேரு, பந்திங், பூச்சோங், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் என்று சாரம் கட்டாத வட்டாரம் குறைவு. விநாயகரும் முருகனும் லட்சுமியும் செய்திருக்கிறேன். ஆனாலும் என்னைத் தேடி வருகிறவர்கள் கேட்பது காளி, முனி, மதுரை வீரன், சங்கிலிக் கருப்பர், பெரியாச்சி, வீரபத்திரர். உக்கிர முகத்துக்கு ஆள் வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்வார்கள். இந்தப் பெயர் எனக்கு வந்தது என் குருவால்.

நான் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். இந்தத் தொழிலுக்கு நான் வந்த வழியைச் சொல்ல, கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைச் சொல்ல வேண்டும்; அது 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் ஐந்து நிலை ராஜகோபுரம் 1968-இல் எழுந்தது. அந்தக் காலத்தையொட்டித் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் திருப்பணிகளுக்கு இங்கே வந்துபோகத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒரு ஸ்தபதியிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் மணல் சலித்தேன், சிமெண்டு குழைத்தேன், கம்பி வளைத்தேன். ஊரில் அவர் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துச் செய்த சுதையை இங்கே யாருக்கும் காத்திருந்து செய்ய நேரமில்லை. எல்லாம் சிமெண்டுதான். ஆனால் கை வேலை அதேதான் என்பார்.

அவர் எனக்கு முதன்முதலில் காட்டிய உக்கிர முகம் காளியுடையது அல்ல, துவாரபாலகருடையது. ஆகமக் கோயில்காரர்கள் சிலர் தங்களிடம் பயங்கரமான சாமியே கிடையாது என்பார்கள். கருவறை வாசலில் நிற்கிறவரைப் பாருங்கள். வாயோரத்தில் கோரைப்பல், உருண்டு பிதுங்கிய விழி, கதையின் மேல் தூக்கி வைத்த கால். ஒரு கை சுட்டுவிரலை நீட்டி எச்சரிக்கும். இன்னொரு கை உள்ளே இருப்பவரின் பெருமையை எண்ணி வியப்பைக் காட்டும். "டேய், இவர் யாரை முறைக்கிறார் சொல்லு" என்றார் குரு. கும்பிட வருகிறவர்களை என்றேன். அவர் என் தோளைப் பிடித்துச் சிலையின் காலடியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, வாசலைத் தாண்டி எங்கேயோ போனது. "பார்வை வெளியே இருக்கட்டும். அது மட்டும் உனக்கு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

இந்தத் தொழிலில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அடி அதுதான். உக்கிரம் என்பது பக்தன் மேல் பாயும் கோபம் இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் வருவதை நோக்கிய கோபம். அதனால்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் கபாலமாலை போட்ட காளியின் முன்னால் கூசாமல் நிற்கிறாள்.

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நூறாண்டுகளுக்கு முன்பு அமைத்த கந்தசுவாமி கோயில் இருக்கிறது. பூசை முறை, சுத்தம், நேரம் எல்லாம் ஒழுங்காக நடக்கும் கோயில். அந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம், தங்கள் ஊர்ப் பக்கம் வைரவர் சூலம் நடாத ஊரைக் காண்பது அரிது என்று சொன்னார். வைரவர் நாயோடு நிற்கும் காவல்காரர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே, ரயில்வே குவாட்டர்ஸ் இருந்த காலத்தில், தண்டவாளத்து ஓரத்து மரத்தடிகளில் முனியாண்டி இருந்தார். இரும்புப் பாதையில் இரவில் வேலை பார்த்தவர்களுக்குத் துணை அவர். ஆகமம், கிராமம் என்று நாம் பிரித்துப் பேசினாலும், வாசலுக்கு ஒரு கடுமையான முகம் வேண்டும் என்பதில் இரு பக்கத்தாரும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். விஜயாலய சோழன் தஞ்சாவூரைக் கைப்பற்றியதும் அங்கே நிசும்பசூதனியை எழுந்தருளச் செய்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. இன்று அவளை வடபத்ரகாளி என்று கும்பிடுகிறார்கள். புதிதாக ஒரு நிலத்தில் காலூன்றுகிறவன் முதலில் காவலை நிறுத்துகிறான். கப்பலேறி வந்த நம் முன்னோர்களும் அதையே செய்தார்கள். கையில் அவர்களிடம் இருந்தது ஒரு கல்லும் ஒரு சூலமும்தான்.

என் தாத்தா காலத்துத் தோட்டத்து முனிக்கு முகமே கிடையாது. பெரிய மரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கல், செருகிய சூலம், ஓர் அரிவாள். அவ்வளவுதான். உருவச் சிலைகள் தோட்டத்தில் கொஞ்சம் காசு புரளத் தொடங்கிய பிறகு வந்தவை. 1938-இல் இந்தியா கூலித் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திய பிறகு, இங்கே இருந்தவர்கள் இங்கேயே வேர்விட்டார்கள். கோயிலும் கூரையிலிருந்து சுவருக்கும், கல்லிலிருந்து சிலைக்கும் மாறியது. அந்தக் காலத்துச் சிலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக் கொத்தனார்கள். சாஸ்திரம் படித்தவர்கள் இல்லை. உத்தம தசதாலம் 124 அங்குலம், அம்மனுக்கு மத்திம தசதாலம் 120 அங்குலம் என்று என் குரு எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு எதுவும் அந்தச் சிலைகளில் இருக்காது. தலை பெரிதாக, கை குட்டையாக, மீசை காது வரைக்கும் இருக்கும். ஆனாலும் அவற்றின் முன்னால் நின்றால் முதுகு நிமிரும். குருவே ஒரு பழைய மதுரை வீரனின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இவன் சாமிய பாத்திருக்கான்" என்று அந்தப் பெயர் தெரியாத கொத்தனாரைச் சொன்னார்.

வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். சுதைச் சிலை எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயேதான் எழும். செங்கல் பீடம், உள்ளே முறுக்குக் கம்பி, மேலே கோழிவலை. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் வைத்து முதல் பூச்சு. அது சொரசொரப்பாகவே இருக்க வேண்டும், அடுத்த பூச்சு பிடிக்க. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மழை வந்துவிடும் என்பதால் முகத்தைக் காலையில்தான் எடுப்பேன். தார்ப்பாயைக் கட்டிவைத்தாலும் காற்றோடு சேர்ந்த மழை பக்கவாட்டில் அடித்து, வைத்த மூக்கைக் கரைத்துவிடும்.

உக்கிர முகத்தில் புதியவர்கள் தவறுவது மேலுதட்டில். கோபம் காட்ட வேண்டும் என்று மேலுதட்டைத் தூக்கிச் சுருட்டுவார்கள். அப்படிச் செய்தால் முகம் நாய் உறுமுவதைப் போல ஆகிவிடும். உதடு அமைதியாக மூடியிருக்க வேண்டும். வாயின் இரு ஓரத்திலிருந்து மட்டும் பல் வெளியே வர வேண்டும். கன்னம் கொஞ்சம் உப்ப வேண்டும், மூச்சை உள்ளே பிடித்து வைத்திருப்பதாக. சாந்த முகத்தில் மேல்இமை பாதி கருவிழியை மூடியிருக்கும். உக்கிர முகத்தில் கருவிழி முழுசாகத் தெரியும், அதைச் சுற்றி வெள்ளை தெரியும். அந்தக் கருவிழியை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் எல்லாமே. எட்டடிச் சிலையின் காலடியில் ஒரு பையனை நிறுத்துவேன். பிறகு வாசலுக்கு வெளியே இருபதடி தள்ளி நிறுத்துவேன். காலடியில் நிற்பவனைக் கண் பிடிக்கக் கூடாது. வெளியே நிற்பவனைப் பிடிக்க வேண்டும். பென்சிலில் குறித்து, கீழே இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறித் திருத்தி, இப்படியே பல நாள் காலை போய்விடும். வர்ணத்தில் உடம்பு முழுக்க மங்கலாக இருக்கலாம். கண்ணுக்கு மட்டும் பளபளக்கும் எனாமல்தான். விளக்கொளி அதில்தான் நிற்கும்.

காளியின் கருப்பும் அப்படித்தான். கடையில் வாங்கும் கருப்பு நம் வெயிலில் சீக்கிரமே சாம்பல் பூத்துவிடும். குரு கருப்போடு நீலமும் துளி சிவப்பும் சேர்ப்பார். மழை வரப்போகும் மேகத்தின் நிறம் வரும். இன்றைக்கும் அந்தக் கலவையைத்தான் போடுகிறேன்.

கண் திறப்பை எல்லாம் முடிந்த பிறகு, திரை போட்டுச் செய்வோம். அந்த நேரத்தில் சாரத்தில் வேறு ஆள் இருக்க மாட்டார்கள். திறந்ததும் முதலில் காட்டுவது கண்ணாடி. பிறகு பசு, கன்னிப் பெண், தானியம். உக்கிர தெய்வத்தின் முதல் பார்வை மனிதர் மேல் படக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இதை மூடநம்பிக்கை என்று சொன்ன படித்தவர்களும் அந்த நேரத்தில் விலகி நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் தனியாக வேலை எடுக்கத் தொடங்கிய 1980-களில் காற்று மாறிவிட்டிருந்தது. மலேசிய இந்து சங்கம் 1965-லேயே தொடங்கப்பட்டிருந்தது. சமய வகுப்புகள், தேவாரப் போட்டிகள், திருமுறை விழாக்கள் தோட்டம் தோட்டமாக வந்தன. பலி கூடாது, சாராயம் கூடாது என்ற பேச்சு வலுத்தது. அதில் நியாயம் இருந்தது. முனி பூசை என்ற பெயரில் சம்சு என்ற சாராயம் குடித்துவிட்டு லயத்து வீடுகளில் மண்டை உடைத்துக்கொண்ட இரவுகளை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். படித்து வெளியே போன பிள்ளைகளுக்குத் தங்கள் தோட்டத்துக் கோயிலைப் பற்றிச் சொல்லவே கூச்சம். பழைய நாட்களில் கெடா வெட்டும்போது மாரியம்மன் சன்னதியில் திரையை இழுத்துவிடுவார்கள். அம்மாவுக்குச் சைவம், ஐயாவுக்குப் படையல், இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தது. பிறகு ஐயாவுக்கு மதிலுக்கு வெளியே தனிக் கொட்டகை வந்தது. பிறகு அந்தக் கொட்டகையிலும் பழமும் பொங்கலும்தான். முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். கையில் இருந்த சுருட்டு போய் தாமரை வந்தது.

பலியை நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. கமிட்டியார் அதோடு முகத்திலும் கை வைத்ததுதான் என்னால் தாங்க முடியாதது. "மாஸ்டர், பல்லை மட்டும் கொஞ்சம் தேய்ச்சு எடுத்திருங்க, பிள்ளைங்க பயப்படுது" என்பார்கள். காளிக்கு இளநீலம் பூசி, சிரிக்க வைக்கச் சொல்வார்கள். 1995-இல் 'அம்மன்' படம் வந்ததும் ரம்யா கிருஷ்ணன் முகச்சாயலில் கேட்டார்கள்; ஐந்தாண்டு கழித்து 'பாளையத்து அம்மன்' வந்தபோது மீனா. நான் பல் தேய்க்கும் வேலையை ஒப்புக்கொண்டதில்லை. புதிதாக ஒரு சாந்த அம்மன் வேண்டுமா, தனியாகச் செய்து தருகிறேன். இருக்கிற காவலைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்டவர்களும் உண்டு. வேறு ஆளைக் கூட்டிவந்து தேய்த்தவர்களும் உண்டு. அப்படித் தேய்த்த சிலைகளைப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்: பல் போன இடத்தில் வாயோரம் குழிந்து கிடக்கும். கண் மட்டும் பழையபடி வெறிக்கும். பல்லில்லாத முகத்தில் அந்தக் கண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பெரியாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்காதவர்களுக்காக: அவள் மடியில் ஓர் அரசி மல்லாந்து கிடப்பாள். பெரியாச்சியின் கைகள் அந்த அரசியின் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவும். காலடியில் அரசன் மிதிபட்டுக் கிடப்பான். ஒரு கை மட்டும் மேலே ஓங்கியிருக்கும்; அதில் ஒரு குழந்தை. கதை ஊருக்கு ஊர் மாறும். கொடுங்கோல் அரசன் ஒருவனின் பிள்ளை தரையில் பட்டால் உலகம் அழியும் என்று இருந்தது, மருத்துவச்சியாக வந்தவள் அதைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தாள் என்பது அதன் நடு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அளவுக்குப் பெரியாச்சி வழிபாட்டைத் தமிழ்நாட்டிலேயே எளிதில் பார்க்க முடியாது. கர்ப்பிணிகள் அவளிடம் வேண்டிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் கிடத்துவார்கள்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, மாறிய ஒரு கோயிலில், கும்பாபிஷேகத்துக்கு முன்னால் அவள் சிலையைப் புதிதாகச் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். கமிட்டியில் இளைஞர்கள். ஆசிரியர், கணக்காளர், வங்கியில் வேலை பார்ப்பவர். கிழிந்த வயிறு வேண்டாம், குழந்தையோடு உட்கார்ந்த அம்மனாகச் செய்துவிடுங்கள் என்றார்கள். கர்ப்பிணிகள் கும்பிடும் இடத்தில் ஒரு கர்ப்பிணியின் வயிற்றைக் கிழித்துக் காட்டுவது அநாகரிகம் என்று ஆசிரியர் சொன்னார். பதில் சொல்ல எனக்கே வார்த்தை வரவில்லை. அந்தக் கேள்வியில் அவ்வளவு நியாயம் இருந்தது. பின்வரிசையில் பழைய பால்வெட்டுக்காரர், ஒரு பாட்டி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் எழுந்து, "அது நம்ம வயிறு இல்லப்பா. நம்ம வயித்துக்கு வர்ற கேடு. அத அவ கிழிக்கிறா, நம்ம பிள்ளைய மேல தூக்கிக்கிட்டா. எட்டு பெத்தேன், மூணு தங்குச்சு. அவ இப்படி உக்காந்திருக்காதான்னு பாத்துத்தான் ஒவ்வொரு தடவையும் மருந்து ரூமுக்குப் போனேன்" என்றார். கூட்டத்தில் அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

அந்தப் பெரியாச்சிதான் நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. அவள் பார்வை வழக்கம்போல் வெளியே. அரசியின் கண் மூடியிருக்கிறது. வலியில் துடிக்கும் முகத்தை வைக்கவில்லை, வைத்தால் பார்ப்பவர் மனம் அவள் பக்கம் போய்விடும். குடலை ரத்தம் சொட்ட வைக்காமல் மாலையாகச் சுற்றிவிட்டேன். அந்தச் சிலையில் கும்பிட வருகிறவர்களைப் பார்க்கும் கண் ஒரே ஒரு ஜோடிதான்: மேலே தூக்கிய குழந்தையின் கண். கமிட்டி இளைஞர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சன்னதிக்குப் பாதி உயரக் கதவு போட்டு, பெரியாச்சியின் மடி வெளியே தெரியாமல் மறைத்தார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் கிட்டே வந்து பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்தன. தோட்டம் விற்கப்படும்போது லயங்களோடு கோயிலும் கணக்கில் வராத ஒன்றாகிவிடும். நிலப் பட்டா தோட்டத்தின் பேரில் இருக்கும். கோயிலுக்குத் தனியாக எதுவும் இருக்காது. 2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகாமாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணி நடந்தது. அந்த மாதங்களில் எனக்கு வந்த அழைப்புகள் சிலை செய்வதற்காக வந்தவை அல்ல. எங்கள் சாமியை எப்படிக் காப்பாற்றித் தூக்கிப்போவது என்று கேட்டு வந்தவை.

சுதைச் சிலையைத் தூக்க முடியாது. கருங்கல் என்றால் பெயர்க்கலாம், பஞ்சலோகம் என்றால் சுமக்கலாம். சுதை நின்ற இடத்தில் பிறந்து நின்ற இடத்தில் உடைவது. பாலாலயம் செய்து, சக்தியைக் கும்பத்துக்கு இறக்கியபின் உடைக்க வேண்டும். நான் செய்த சிலைகளை வேறு யாரும் உடைக்க விட்டதில்லை. முதலில் கண்ணுக்கு மஞ்சள் பூசி மூடுவேன். பிறகு கையிலிருந்து தொடங்குவேன், முகம் கடைசி. கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, சிமெண்டுத் துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கடலில் சேர்ப்போம். பெண்கள் அழுவார்கள். ஆண்கள் சாக்குச் சுமப்பார்கள்.

மாற்று நிலம் கிடைக்கும். எங்கே? கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கம், மின்சாரக் கோபுரத்துக்கு அடியில், நெடுஞ்சாலைச் சரிவில். எல்லை காத்த சாமி இப்போது கழிவுநீர்க் குளத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படி ஓர் இடத்தில் முனியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேசி முடிவெடுக்கவே ஒரு வாரம் ஆனது. கடைசியில் தாமானுக்குள் நுழையும் சாலையைப் பார்த்து, கோயில் வாசலுக்குச் சாய்வாக நிறுத்தினோம். இப்போது அந்தத் தாமானில் புதுக் கார் வாங்குகிறவர்கள், தமிழரும் சீனரும், அவர் முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

சீனர்கள் முனியிடம் காட்டும் பற்றைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதுவதில்லை. நிலம் திருத்தும் சீனக் கண்ட்ராக்டர், மரத்தடியில் சூலம் இருந்தால் பூசை போடாமல் இயந்திரத்தை ஏற்ற மாட்டார். பல கோயில்களுக்கு முனி சிலைக்குப் பணம் தந்தது இப்படிப்பட்ட தவுக்கேமார்தான். அவர்கள் ஏற்றும் பெரிய ஊதுபத்தியின் புகை முகத்தில் படிந்து பிசுக்காகிவிடும். அதற்காகவே முகத்துக்கு மட்டும் கழுவக்கூடிய வர்ணம் போடுகிறேன்.

இப்போது காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. தாத்தாவின் சாமியைப் பற்றிக் கூசிய தலைமுறை போய், முனியையும் கருப்பரையும் சட்டையில் அச்சடித்துப் போடும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உருமி மேளம் கேட்டால் சாலையோரத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் போனில் கொண்டுவரும் படங்களைப் பார்க்கும்போது சங்கடமாகிவிடுகிறது. கம்ப்யூட்டரே வரைந்து தரும் படங்கள். முனிக்கு வயிற்றில் கட்டுக்கட்டாகச் சதை, உடம்பெல்லாம் ரத்தம், கண்ணில் நெருப்பு. அந்தக் கண் எப்போதும் பார்ப்பவனையே பார்க்கிறது. அப்பன்மார் பல்லைப் பிடுங்கினார்கள்; பிள்ளைகள் பல்லைத் தங்கள் பக்கமே திருப்பிவைக்கச் சொல்கிறார்கள். கிள்ளான் கம்போங் ஜாவா பையன் ஒருவன் இப்படியொரு படத்தோடு வந்தான். "இப்படிச் செஞ்சா நீ இவர் முன்னால உக்காந்து சாப்பிட முடியுமா? உன் பிள்ளைய இங்க தூங்க வைக்க முடியுமா?" என்று கேட்டேன். பழைய தோட்டங்களில் மழைக்கு ஒதுங்கியவர்களும் பிள்ளைகளைத் தூங்க வைத்தவர்களும் முனி கொட்டகையில்தான் இருந்தார்கள் என்று சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனான். சில வாரம் கழித்து, "அண்ணே, உங்க இஷ்டப்படியே செய்ங்க, ஆனா மீசை மட்டும் நான் கேட்ட மாதிரி" என்று வந்தான். மீசை அவன் கேட்டபடியே வைத்தேன். மீசையில் எனக்கு வழக்கில்லை.

ஃபைபர் சிலைகளும் வந்துவிட்டன. அச்சில் வார்ப்பதால் எல்லா ஊர் முனிக்கும் ஒரே முகம், ஒரே பார்வை. விலை குறைவு, லாரியில் ஏற்றி எங்கேயும் கொண்டுபோகலாம். மறுபடி எப்போது இடம் மாற்றச் சொல்வார்களோ என்ற பயத்தில் இருக்கும் கமிட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் 130 ஆண்டுப் பழமை சொல்லப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலின் நிலம் 2014-இல் விற்கப்பட்டிருந்தது. அந்தக் கோயில் சுமார் 50 மீட்டர் தள்ளி வேறோர் இடத்துக்கு மாறுவது என்று 2025-இல் முடிவானபோது நாடே அதைப் பேசியது. நிலம், சட்டம், அரசியல் எல்லாம் பேசினார்கள். அந்தப் பேச்சில் காளியின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

அதனால் இதைப் படிக்கும் கோயில் கமிட்டியாரிடம் கேட்டுக்கொள்கிறேன். கும்பாபிஷேகமோ இடமாற்றமோ, பழைய சுதைச் சிலையைத் தொடுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். காலடியில் உட்கார்ந்து மேல்நோக்கி ஒன்று, வாசலுக்கு வெளியே நின்று ஒன்று. டேப் வைத்து மொத்த உயரம், முகத்தின் நீளம், தரையிலிருந்து கருவிழி இருக்கும் உயரம், எதிர்ச்சுவர் அல்லது சாலை எவ்வளவு தூரம் என்று எழுதிவையுங்கள். எந்தக் கொத்தனார் செய்தது என்று ஊரில் மூத்தவர் யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். நான் உடைத்த சிலைகளுக்கும் பார்த்த சிலைகளுக்கும் இப்படி அளவெடுத்த நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. காப்பாரிலிருந்து பந்திங் வரை உள்ள பழைய முனி, காளி, பெரியாச்சி பலரும் அதில் இருக்கிறார்கள். தேவைப்படும் கோயிலுக்குப் பிரதி எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.